ஒரே கூரைக்குக் கீழே

"ராத்திரி எங்கே படுப்பீங்க?"

எக்ஸ்ரே இப்படிக் கேட்டதும் லேத் பட்டறைக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டுக் கடன் கேட்டு வந்த இடத்தில் இதையெல்லாம் கேட்பார்கள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

"ஜன்னலோரமா சார். கொஞ்சம் காத்து வரும்."

"காலையில முதல்ல எந்திரிக்கிறது யாரு?"

"நான்தான் சார். அதுல சந்தேகமே வேணாம்."

எக்ஸ்ரே என்பது அந்தக் கடன் அதிகாரிக்கு ஆபீஸில் வைத்த பேர். முதல் வீடு வாங்கும் தம்பதிக்கு அரசாங்கமே ஜாமீன் நின்று, குறைந்த வட்டியில் கடன் தருகிறது. மனுப் போடும்போதே புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரைக்குக் கீழே குடித்தனம் நடத்த வேண்டும் என்பது நிபந்தனை. ஊர் சும்மா இருக்குமா? வாடகைக்கு ஜோடி பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அப்படி வந்த நாலைந்து பேரை மடக்கித்தான் மனுஷர் இந்தப் பேரைச் சம்பாதித்தார்.

இந்த ஜோடி மேல் அவருக்கு வந்ததுமே சந்தேகம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஓயாத பேச்சு. பல் வலி தேவலையா, செருப்பு எப்ப வாங்கினே, ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டே... ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்குக் கேட்க இவ்வளவு இருக்குமா என்ன? எக்ஸ்ரேயும் அவர் சம்சாரமும் ஒரு மாசம் பேசுவதை இவர்கள் ஒரே மூச்சில் பேசித் தீர்த்துவிட்டார்கள்!

பட்டறைக்காரரை வெளியே அனுப்பிவிட்டு அந்த அம்மாளைக் கூப்பிட்டார். சமையல் வேலை பார்க்கிறவள். கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"ராத்திரி எங்கேம்மா படுப்பீங்க?"

"அடுப்படியிலதான் சார், ஒரு ஓரமா."

"முதல்ல எந்திரிக்கிறது?"

"நான்தான் சார்."

எக்ஸ்ரேக்கு உள்ளூரச் சிரிப்பு. கணவரையும் உள்ளே வரச் சொன்னார்.

"ஒருத்தர் ஜன்னலோரம், ஒருத்தர் அடுப்படி. ரெண்டு பேருமே முதல்ல எந்திரிக்கிறீங்க. யார் காதுல பூ சுத்துறீங்க?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சார், இந்த வருஷத்தோட அவருக்குக் கடன் வாங்குற வயசு வரம்பு முடியுது. இதை விட்டா எங்களுக்கு வேற கதியில்ல."

"அழுது காரியம் சாதிக்காதீங்க. மனுவுல போட்டிருக்கிற விலாசத்துல ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கீங்களா, இல்லையா?"

பட்டறைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல சார். அது எங்க அக்கா வீடு. நான் பட்டறையிலயே படுத்துக்குவேன். இவ வேலை செய்யுற வீட்டுலயே தங்கிக்குவா."

"அப்படி வாங்க வழிக்கு!" எக்ஸ்ரே சிவப்பு முத்திரையை எடுத்து மனுவின் மேல் ஓங்கிக் குத்தினார். "தள்ளுபடி. ஒருதரம் தள்ளுபடி ஆனா திரும்பப் போட முடியாது. பொய்க் கல்யாணத்துக்குப் போலீஸைக் கூப்பிடாம விடுறேனேன்னு சந்தோஷப்படுங்க."

"பொய்யில்ல சார். கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷமாச்சு."

"அப்படியா? அப்ப சண்டையாக்கும்! ஒண்ணா இருக்கப் பிடிக்காதவங்களுக்கு எதுக்கய்யா வீடு?"

எக்ஸ்ரே அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இந்த வீட்டுக்கு முன்பணம் சேர்க்கத்தான் சார், இருந்த வாடகை ரூமையும் காலி பண்ணிட்டுப் பிரிஞ்சு கிடக்குறோம்."