பச்சைப் பெயிண்ட் மேல் விழுந்த பழி

முதலில் கிடங்குத் தரைக்காக, ஈரம் மேலேறாமல் தடுக்கும் பிளாஸ்டிக் ஷீட் கூட விரிக்காமல், ஈர மண்ணின்மேல் கான்கிரீட்டைக் கொட்டினார்கள். அடுத்து அதன்மேல் லாரியை நிறுத்தி டீசலை ஒழுகவிட்டார்கள். கடைசியில், எண்ணெயைக் கழுவாமல், ஈரத்தையும் காயவிடாமல், திறப்பு விழாவுக்காகப் பச்சைப் பெயிண்டை அடித்தார்கள்.

மழைக்காலத்தில் பெயிண்ட் கொப்பளித்து உரிந்தது. “மட்டமான பெயிண்ட்! சுரண்டிக் குப்பையில் போடு!” என்று கத்திவிட்டுப் போனார் கிடங்கு முதலாளி.

“மன்னிச்சிடு தரையண்ணே, என்னால ஒட்ட முடியலை” என்று பெயிண்ட் அழுதது.

“நீ எதுக்குடா மன்னிப்புக் கேட்கிறே? என் முதுகில் ஈரத்தையும் எண்ணெயையும் அப்படியே விட்டுட்டு உன்னை அடிக்கச் சொன்னவன் கேட்கட்டும்!” என்று தரை சீறியது.

சுரண்ட வந்த தகடு முனகியது. “எனக்கு உத்தரவு. அவசரப்படுத்தினது யாருன்னு யாருக்குத் தெரியும்?”

“சுவரில் பளபளன்னு நிற்கிறாரே கல்வெட்டு ஐயா, அவருக்குத் தெரியும். துடைப்பமே, வாளியே, நீங்க சாட்சி. ஐயா, உங்க மேல இருக்கிறதைச் சத்தமாப் படிங்க!” என்றது தரை.

விழாவில் மாலை வாங்கிய கல் முதன்முறையாகத் தயங்கியது. பிறகு படித்தது:

“இக்கிடங்கைத் தமது நேரடி மேற்பார்வையில், குறித்த நாளுக்கு முன்பே முடித்துத் திறந்து வைத்தவர், உரிமையாளர் திரு. மா. வைரக்கண்ணு.”