மருதமர ஸ்டாப்பு

"புத்தி பேதலிச்சவனை வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணட்டும் பாய்? நாளைக்கு லாரி வந்து கண்டம்னு ஒதுக்கிப் போட்ட அந்தப் பழைய வண்டியத் தூக்கிட்டுப் போவுது. அதோட அவனையும் வீட்டுக்கு அனுப்பிருதேன்."

மேனேஜர் ஞானப்பிரகாசம் போட்ட சத்தம் டிப்போ பூரா கேட்டுச்சு.

"போன வருசம் என் கை நசுங்குனப்ப ஆறு மாசம் லேசான வேலையாக் குடுத்து வச்சிருந்தீய. அந்த மனுசனுக்குன்னா மட்டும் கசக்குதோ சார்?" மெக்கானிக் காஜா முகைதீனும் விடல. "ஒரு நா நீங்களும் வண்டியில ஏறிப் பாருங்க. பொறவு அனுப்புங்க."

கண்டக்டர் சிவசைலம் குழாயடியில தூக்குச்சட்டியக் கழுவிக்கிட்டே அம்புட்டையும் கேட்டாரு. கழுவுன சட்டியவே திரும்பவும் கழுவுனாரு.

பொறவு பைய நடந்து அந்த வண்டிக்குப் போனாரு.

தொண்ணூத்தி நாலுல, திருநெல்வேலியில ஒரு பஸ் டிப்போ. பின்பக்கம் உடமரத்துக்குள்ள ஒரு பழைய பஸ்ஸு. சக்கரம் இல்ல, எஞ்சின் இல்ல, செங்கல் மேல நிக்கும். மத்தியானச் சாப்பாடு முடிஞ்சா அது பாபநாசத்துக்குக் கிளம்பும்.

டிரைவர் தாணுமாலையன் ஏற்கெனவே ஸ்டியரிங்கப் பிடிச்சி உக்காந்திருந்தாரு. எஞ்சின் சத்தத்த வாயாலயே போடுவாரு. கியர் மாத்தும்போது தோளு குலுங்கும். பாக்கவன் பைத்தியம்னுதான் சொல்லுவான்.

கேண்டீன் சாலோமி சன்னலோரம் உக்காந்தா. "அண்ணாச்சி, கல்லிடைக்குறிச்சி ஒண்ணு. சில்லறை கிடையாது"ன்னு சிவசைலத்தைப் பாத்துச் சிரிச்சா. காஜா பாய் ஏறினாரு. அவரு பின்னாலயே, மொகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டு மேனேஜரும் ஏறினாரு.

காஜா பாய் தகரத்துல ரெண்டு தட்டு தட்டுனாரு. வண்டி கிளம்பிருச்சு.

பேட்டை போச்சு. வெயிலு கண்ணாடியில நெளிஞ்சிக்கிட்டே கூட வந்துச்சு. சேரன்மாதேவியில ஆத்துக்காத்து உள்ள நுழைஞ்சாப்புல இருந்துச்சு. ரெண்டு பக்கமும் வாழை, நாத்து, தூரத்துல நீலமா மலை. சாலோமி தல சன்னல்ல சாஞ்சி ஆடுச்சு. ஒரு வளைவுல மேனேஜரு, தன்னை அறியாமலே, முன்சீட்டுக் கம்பிய எட்டிப் பிடிச்சிக்கிட்டாரு.

வீரவநல்லூர் தாண்டுனதும் வண்டி நின்னுச்சு.

மருதமர ஸ்டாப்பு.

எப்பவும் அங்கனதான் நிக்கும். அதைத் தாண்டி ஒரு நாளும் போனதில்ல. எல்லாரும் எறங்கி அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிருவாங்க.

அந்த வருசம் மாசி மாசம் அந்த ஸ்டாப்புலதான், கிளம்புன வண்டியில ஓடிவந்து தொத்தப் போன ஒரு காலேஜ் பையன் கை நழுவி விழுந்தான். பிழைக்கல. வண்டிய ஓட்டுனது தாணுமாலையன். யாரு மேலயும் தப்பு இல்லன்னு விசாரணை முடிஞ்சிட்டு. முடிஞ்சிட்டுன்னு மனசுகிட்ட யாரு சொல்லுதது?

மேனேஜரு எந்திரிச்சாரு. ஒவ்வொரு படியா எறங்கி, கீழ புழுதியில தள்ளி நின்னாரு.

தாணுமாலையன் பின்னால திரும்பிப் பாத்தாரு.

அவருக்கு ஒரு கேடும் இல்ல. காலையிலகூட அசல் பாபநாசம் வண்டிய ஓட்டிட்டு வந்துதான் சாப்பிட்டிருந்தாரு.

புத்தி பேதலிச்சவன்னு மேனேஜரு சொன்னது, சட்டைப்பைக்குள்ள விசிலத் தடவிக்கிட்டு நின்ன சிவசைலத்தை. அன்னைக்கு அந்த வண்டி கிளம்ப ரெண்டு விசில் குடுத்தது அவருதான். அதுக்குப் பொறவு வாயில வச்சா மூச்சு எறங்கல.

இன்னைக்கும் வச்சாரு. வெறும் காத்து வந்துச்சு. பொறவு ஒண்ணு, கீச்சுன்னு, குருவிக்குஞ்சு கணக்கா.

ஒரு விசில்னா வண்டி நிக்கணும். யாரும் அசையல.

கீழ இருந்து மேனேஜரு கையத் தூக்கிக் காட்டுனாரு.

"நான் எறங்கியாச்சு வே. சக்கரத்துக்குத் தள்ளித்தான் நிக்கேன். இன்னொண்ணு குடும்."

குடுத்தாரு.

அன்னைக்கு சாலோமி கல்லிடைக்குறிச்சியில எறங்குனா, சில்லறை குடுக்காமலே. மறுநா வந்த லாரி வெறுமனதான் திரும்பிப் போச்சு.

உங்க வேலை எடத்துல இப்படி யாரையாவது ஏத்திக்கிட்டுப் போயிருக்கீங்களா? இல்ல, உங்கள யாரும் ஏத்திக்கிட்டாங்களா? ரெண்டு வரி போதும், கீழ எழுதுங்க.