இன்னிக்கு சுக்கா!

அம்பத்தூர் பட்டறையில் வேலையை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்த பாஸ்கரனை மனைவி லோகநாயகி போனில் கூப்பிட்டாள்.

"சீக்கிரம் ஊட்டுக்கு வாங்க. சுக்கா பண்ணிகினு கீறேன்!"

"சுக்காவா! நெஜமாவா லோகா?"

"சீரகம் பொரிஞ்சு, இஞ்சி வதங்கி, மசாலாவும் பெரட்டியாச்சு. ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. மாடியூட்டு பஞ்சாபி அக்காதான் பக்கத்துல நின்னு சொல்லித் தர்றாங்க."

"அப்போ தூள்தான்! இதோ, பறந்து வர்றேன்."

வழியில் பரோட்டா வாங்கிக்கொண்டு பருத்திப்பட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தவன், நேராகச் சமையலறைக்கு ஓடி வாணலி மூடியைத் திறந்தான். உருளைக்கிழங்கு, காலிஃபிளவர், கேரட், பட்டாணி.

"இன்னாடி, வெறும் காய்கறியா கீது? கறி எங்க?"

"கறியா? அவங்க பாஷையில சுக்கான்னா காஞ்சதாம். தண்ணி ஊத்தாம காயை வதக்குனா அதுவும் சுக்காதானாம்."

"நான் மட்டன் சுக்கான்னு நெனச்சு..."

லோகநாயகி இடுப்பில் கை வைத்தாள். "புரட்டாசி சனிக்கிழமையிலயா?"

பாஸ்கரனின் கை தானாக நெற்றிக்குப் போனது.

"காலைல உங்க நெத்தியில போட்டுகினீங்க, சரி. சாயங்காலம் பெருமாளுக்கே நாமம் போடப் பார்த்தீங்களா?"