ஜீப்புக்கு டீசல்

பதிவில்லாத அகதி ஒருவரையாவது பிடித்துக் கொடுத்தால்தான் அந்த மாதம் ஸ்டேஷனுக்கு டீசல் வரும். இருபது நாளாக ஜீப் வேப்பமரத்தடியில் நிற்கிறது.

கடற்கரையில் தனியாக அழுதுகொண்டிருந்த குழந்தையை நடந்தே போய்த் தூக்கிவந்திருந்தாள் காவலர் எஸ்தர். அதற்குப் பன்னைப் பிய்த்து ஊட்டும்போது ஸ்டேஷன் போன் அடித்தது; கை காலியில்லாததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மிஸ், என்ர பிள்ளையைக் காணேல்லை. மஞ்சள் சட்டை. ஆராவது கொண்டுவந்து தந்தவையோ? எனக்கு அங்க வர ஏலாது."

வர ஏலாது என்றாலே பதிவில்லாதவள்தான். எதிரே இருந்த இன்ஸ்பெக்டர், வரச்சொல் என்று கையைக் காட்டினார். எஸ்தர் அவரைப் பார்க்காமல் சொன்னாள்.

"இல்லம்மா. இங்க எந்தக் குழந்தையும் வரல."

ஸ்பீக்கரில் கேட்ட குரலை நோக்கி, மடியிலிருந்த குழந்தை வாய்நிறையப் பன்னோடு கத்தியது.

"அம்மா!"

எதிர்முனையில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "இந்தா வாறன் ராசாத்தி."

இன்ஸ்பெக்டர் ஜீப் சாவியை எடுத்துச் சட்டையில் துடைத்தார்.