மகதலேனா வீட்டு வேப்பிலை

"முதல்ல அந்த வேப்பிலையப் பிச்சுப் போடு, தங்கச்சி!"

கார்த்திகேசு வாசலுக்கு முன்னால் போகும் சடக்கில் நின்றபடியே கத்தினார். செந்தூல் ரயில்வே லயத்தின் வரிசை வீடுகளில் அந்த ஒரு வாசலில்தான் இன்னும் வேப்பிலைக் கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் கதவில் மரச்சிலுவை அறைந்திருந்த வேதக்கார வீட்டில்.

மகதலேனா நிலைப்படிக்கு வந்து நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். "இருக்கட்டும்ண்ணே. அவரு இல்லாத வீட்ல எந்தச் சாமி துணைக்கு வந்தா என்ன?"

அவள் புருஷன் மரியநாயகம் பட்டறையில் கார்த்திகேசுவோடு சம்மட்டி அடித்தவன். போன வாரம் சம்மட்டியைப் பிடித்தபடியே சுருண்டு விழுந்தான். அங்கிருந்து நேராக ஜுரக் கொட்டகைக்குத் தூக்கிப் போய்விட்டார்கள்.

சீமையில் சண்டை முடியப்போகிறது என்று பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. அந்தச் சேதிக்கு முந்திக்கொண்டு விஷக்காய்ச்சல் வந்துவிட்டது. ஆளுக்கு ஆள் கழுத்தில் கற்பூர முடிச்சும் வாயில் துணியுமாகத் திரிந்தார்கள். கோயிலில் கூட்டம் கூடாதென்று தடுத்துவிட்டார்கள். கள்ளுக்கடையில் மட்டும் கூட்டம் குறையவில்லை. கள் குடித்தவனைக் காய்ச்சல் அண்டாதாம்.

வேப்பிலையும் அப்படி வந்ததுதான். அம்மை கண்ட வீட்டிலும் அதைக் கட்டுவார்கள், நோய் அண்டாமலிருக்கவும் கட்டுவார்கள். காய்ச்சலுக்குப் பயந்து லயம் முழுக்கக் கட்டிவிட்டார்கள். புதிதாக வந்த சுகாதாரத் துரைக்கோ யாரோ முதல் பாதியை மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வேப்பிலை தொங்கினால் உள்ளே நோயாளி. கொட்டகைக்கு ஆள் ஏற்றும் வண்டி அந்த வாசலில் நிற்கும். மற்ற வாசல்களைத் திரும்பிப் பார்க்காது.

வண்டி வந்த அன்று கார்த்திகேசுவின் மனைவி லெட்சுமிக்கு வெறும் தலைவலிதான். அவர் வேலை விட்டு வருவதற்குள் அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வீட்டு வேப்பிலையைக் கட்டியது அவர் கைதான்.

கொட்டகையைச் சுற்றிக் கம்பி வேலி. அதற்கு வெளியே நாள் முழுக்க நின்றார், மறுநாளும் போய் நின்றார். கடைசியில் அவள் செத்த சேதியைக் காவல்காரன் வாயால்தான் கேட்டார். அதற்கப்புறம் லயத்தில் வாசல் வாசலாகப் போய் வேப்பிலையைப் பிடுங்கி எறிவதே அவர் வேலையாகிவிட்டது.

குடத்தோடு அந்தப் பக்கம் போன இராஜம்மா நின்றாள். "வேதத்துல உள்ளவங்க கண்ணுக்கும் இப்பத்தான் மாரியாத்தா தெரியறா போல!"

"நீ தண்ணியத் தூக்கிக்கிட்டுப் போ, தாயி. நேரங்கெட்ட நேரத்துல" என்று எரிந்து விழுந்தார் கார்த்திகேசு.

மகதலேனாவுக்குக் கோபம் வரவில்லை. "அண்ணே, வண்டி இன்னிக்கு இந்தப் பக்கம் வருமா?"

"வரும். அதுக்குத்தானே தொண்டை கிழியக் கத்துறேன்."

"நிச்சயமா வருமா?"

பயந்துவிட்டாள் என்று அவருக்குப் பட்டது. பயப்படட்டும், நல்லதுதான். படியேறி அவரே கொத்தைப் பிடித்து இழுத்தார். "வேணாண்ணே, விடுங்க!" என்று அவள் அவர் கையைத் தடுத்தாள். கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தாள், அவிழவில்லை.

அதற்குள் மாட்டு வண்டி வந்து நின்றுவிட்டது.

வண்டிக்குள் யாரோ முனகினார்கள். ஆஸ்பத்திரி டிரஸர் ராதாகிருஷ்ணன் இறங்கினார். வாய்த்துணிக்கு மேலே அவர் கண்கள் தூங்கிப் பல நாளானதுபோலச் சிவந்திருந்தன. "யாருக்குக் காய்ச்சல்?"

"யாருக்கும் இல்லீங்க ஐயா" என்றார் கார்த்திகேசு. ஒரே இழுப்பில் கயிறு அறுந்து கொத்து கைக்கு வந்தது. "இது ஆட்டுக்குக் கட்டிவச்ச தழைங்க."

"ஆடு எங்கய்யா?"

"மேயப் போயிருக்குங்க."

"தழை இங்க இருக்கு, ஆடு வேற எங்கயோ மேயுதா?" சிரிக்கக்கூடத் தெம்பில்லாத குரல் அது.

மகதலேனா இருமத் தொடங்கினாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர இருமினாள். கார்த்திகேசு சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தார். நிஜமாகவே தொற்றிவிட்டதோ? இவளையும் அந்த வண்டி விழுங்கிவிடுமோ?

டிரஸர் புறங்கையை அவள் கழுத்தில் வைத்துப் பார்த்தார். இன்னொரு தடவையும் வைத்துப் பார்த்தார்.

"பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு. வெறும் இருமலுக்கெல்லாம் ஏத்துறதுன்னா ஊரையே ஏத்தணும்" என்றவர் வண்டிக்காரனைப் பார்த்துக் கையசைத்தார். "நீ ஓட்டுப்பா."

வண்டி சடக்கின் வளைவில் திரும்பும் வரை கார்த்திகேசு அசையவில்லை. பிறகு கையிலிருந்த கொத்தைச் சாக்கடையில் வீசினார். லெட்சுமி போன பின் முதல் தடவையாக அவருக்கு மூச்சு சீராக வந்தது. ஒருத்தியையாவது தடுத்துவிட்டோம்.

மகதலேனா நிலையைப் பிடித்தபடியே சரிந்து படியில் உட்கார்ந்தாள். இருமல் நின்றுபோயிருந்தது.

"இனி ஒண்ணும் பயமில்ல, தங்கச்சி" என்றார் அவர். "நல்லா இருக்கிறவ எதுக்கு அந்தக் கொட்டகைக்குப் போகணும்?"

அவள் வண்டி போன திக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோயாளிய மட்டுந்தானேண்ணே உள்ள விடுறாங்க."