சிவப்பு எழுத்து மோதிரம்

"அம்மா, விரலை நீட்டு. அப்பா, நீங்களும் நீட்டுங்க!"

மகள் சரண்யா சொன்ன தோரணையைப் பார்த்து, தங்கமாக்கும் என்று முத்துமீனா நினைத்துவிட்டாள். பெட்டியைத் திறந்தால் உள்ளே இரண்டு குட்டி டிஜிட்டல் வாட்ச்! மோதிரம் மாதிரி விரலில் மாட்டிக்கொள்வது. பக்கவாட்டில் பொடிப் பட்டன். அழுத்தினால் சிவப்பு எழுத்தில் மணி மின்னியது.

"இப்ப பழைய மாடலுக்குத்தான்மா மவுசு. உங்க முப்பதாவது கல்யாண நாளுக்கு இதை விட்டா வேற என்னத்த வாங்க?"

கணவர் அழகுபாண்டிக்கு வாயெல்லாம் பல். "அச்சு அசல் நம்ம பொருட்காட்சி மோதிரம்!"

அடுத்து அந்தக் கதை வரும் என்று மீனாவுக்குத் தெரியும். கேட்பதற்கு வாகாகப் புது மருமகன் வேறு எதிரே உட்கார்ந்திருந்தான்.

"கேளுங்க மாப்ள. செல்லூர்ல எங்க தறிக்கூடமும் இவுக தறிக்கூடமும் எதிரெதிர. நடுவுல ஒரு சைக்கிள் போற சந்து. தறி ஓடுற சத்தத்துல பக்கத்துல நிக்கிறவன் கத்துனாக்கூடக் காதுல விழாது. அந்த வருஷம் தமுக்கம் பொருட்காட்சிக்குப் போனா, டெல்லி அப்பளக் கடைக்குப் பக்கத்துல இந்த மோதிரத்தைக் குமிச்சு வச்சிருக்கான். வீட்டுக்கு ஒண்ணு வாங்குனோம். யாரு தறியில நிக்கிறாகளோ அவுக விரல்ல கெடக்கும். ஷிப்ட்டு முடியுறது தெரியணும்ல?"

"அப்புறம் மாமா?"

"பொழுது சாயுற நேரம். ஜன்னல் பூராம் பஞ்சும் தூசியும். ஆளு மூஞ்சி தெரியாது, வெளிச்சம் மட்டும்தான் தெரியும். இங்கிட்டிருந்து மூணு மின்னு. அங்கிட்டிருந்து மூணு மின்னு. அம்புட்டுத்தான் எங்க காதல்!"

மருமகன் கைதட்டினான். மீனாவும் சிரித்தாள். முப்பது வருஷமாகப் பழகிய சிரிப்பு, தடுமாறாமல் வந்தது. ஆனால் கண் வாசல் பக்கமே போனது. திருமங்கலத்திலிருந்து அக்கா சீனியம்மாள் பஸ் ஏறிவிட்டாள். எந்த நிமிஷமும் வந்துவிடுவாள்.

"பெரியப்பா வரலையாப்பா?" என்றாள் சரண்யா.

"அண்ணனுக்குத் திருவாதவூர்ல நடவு வேலையாம்மா."

இது எப்போதும் சொல்கிற சாக்கு. அழகுபாண்டியின் அண்ணன் நல்லகாமன் இந்த வீட்டு விசேஷம் எதற்கும் வந்ததில்லை. காதல் பண்ணி வந்தவள் என்று தன்மேல் அவருக்கு இளக்காரம் என்றுதான் மீனா நினைத்திருந்தாள்.

அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். ஏனென்றால் அவள் காதலே பண்ணவில்லை. எதிர்க்கூடத்தைப் பார்த்து மின்னியது அவள் அல்ல, அக்கா.

அக்காவுக்குத் திருமங்கலத்து மாப்பிள்ளையைப் பேசிப் பரிசம் போட்டிருந்த நேரம். சந்தில் வந்த அப்பா கண்ணில் அந்த வெளிச்சம் பட்டுவிட்டது. "யாருடி அது?" என்று வீடு அதிரக் கத்தினார். அக்கா சுவரோடு ஒட்டிப்போய் நின்றாள். ஊர் வாயில் விழுந்தால் அவள் கல்யாணம் அதோடு போயிற்று. அந்தப் பயத்தில்தான், "நான்தாம்ப்பா" என்று மீனா முந்திக்கொண்டாள். பெரியவர்கள் எதிர்வீட்டுக்குப் போய் விசாரித்தார்கள். அழகுபாண்டி தலைகுனிந்து நின்று ஒப்புக்கொண்டார். அக்கா கல்யாணம் முடிந்த கையோடு இவர்கள் கல்யாணமும் முடிந்தது.

அழகுபாண்டி தங்கமான மனுஷன். அதுதான் மீனாவை அரித்தது. அக்காவுடைய வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டவர், அந்த ஆசையை எல்லாம் தன்மேல் கொட்டுகிறாரே! உண்மை தெரிந்தால் இந்த மனுஷன் தன்னை எப்படிப் பார்ப்பார்?

"என்னடி, வீடே கலகலன்னு கெடக்கு?" என்றபடி சீனியம்மாள் உள்ளே வந்தாள். மல்லிகைப் பூவைத் தங்கையிடம் கொடுக்கும்போது விரலைப் பார்த்துவிட்டாள். அந்த விரலை மெல்லப் பிடித்தாள். பட்டனை அழுத்தினாள். சிவப்பு எழுத்து மின்னியது.

"நல்லா இருக்குடி" என்றாள். கண் நிறைந்துவிட்டது. மூஞ்சி கழுவிட்டு வாரேன் என்று சைகை காட்டிவிட்டுக் கொல்லைக் குழாய்ப் பக்கம் போய்விட்டாள்.

அழகுபாண்டி மீனாவைத் தேடி அடுப்படிக்கு வந்தார். "மதினி ஏன் புள்ள அழுகுறாக? வீட்டுல எதுவும் பிரச்சனையா?"

மீனாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "என்னை மன்னிச்சிருங்க. அன்னிக்கு மின்னுனது நான் இல்ல, அக்கா. பரிசம் போட்ட புள்ள பேரு கெட்டுப்போயிரக் கூடாதேன்னுதான் நான் ஏத்துக்கிட்டேன். நீங்க ஆசப்பட்டது அக்காவைத்தான்" என்று சொல்லி முடித்தாள்.

அழகுபாண்டி அப்படியே மாவு டப்பாமேல் உட்கார்ந்துவிட்டார். கோபம் வரும் என்று மீனா காத்திருந்தாள். அவரோ கொல்லைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நீயுமா மீனா? இங்கிட்டிருந்து மின்னுனதும் நான் இல்ல, எங்க அண்ணன். அவருக்கும் அப்பப் பரிசம் போட்டாச்சேன்னு நான் ஏத்துக்கிட்டேன். அந்தப் புள்ள நீதான்னு நெனச்சுக்கிட்டு, உன் மூஞ்சில முழிக்க முடியாமத்தான் அண்ணன் இம்புட்டு வருஷமா இந்த வீட்டுப் படியேறல."