செவலையின் துரத்தல்

சிங்கராஜாவின் படைக்கு ஓட்டத்தில் முந்துகிற ஒருவரைத்தான் எடுப்பார்கள் என்று தண்டோரா போட்டார்கள். மறுநாள் முதல் கழுதை விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடிப் பழகியது. படையில் அந்த ஒரு இடம் தனக்கே என்றிருந்த செவலை நாய்க்கு வயிறு எரிந்தது.

"பொதி சுமக்கிற பயலுக்குப் பட்டாளம் கேக்குதா?" என்று குரைத்து, தினமும் அதன் பின்னங்காலைக் கடிக்கத் துரத்தியது. கழுதையும் பயத்திலேயே வேகம் பிடித்தது.

போட்டியில் கழுதை முதலில் வந்தது. பின்னால் ஓடியே பழகிவிட்ட நாய், அன்றும் அதன் வாலையொட்டியே வந்து சேர்ந்தது.

"உன்னைப் பழக்கியது யாரப்பா?" என்று கேட்டார் தளபதி யானை.

"செவலை அண்ணன்தாங்க. ஒருநாள் தவறாம கூடவே ஓடி வந்தாரு."

போட்டியில் தோற்ற முயல் நாயருகே வந்து பணிவாகக் கேட்டது: "அண்ணே, நாளையிலிருந்து என்னையும் துரத்துவீங்களா?"